களப்பில் நிற்கும் பழைய மீன்பிடிக் கட்டுகள்: திருகோணமலைக்காரர் அவற்றைக் காப்பாற்றுவது எப்படி

தொல்பொருள் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கோயில், விகாரை, கோட்டை, கல்வெட்டு. சேற்றில் ஊன்றிய கம்பும் தண்ணீருக்குள் வரிசையாகக் கிடக்கும் கல்லும் யாருடைய கண்ணிலும் படுவதில்லை, அதனால்தான் அவை முதலில் காணாமல் போகின்றன. இறங்குதுறை கட்ட, வாய்க்காலை ஆழமாக்க, றோட்டுக்கு மண் நிரப்ப என்று ஒரு பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) இறங்கினால் அரைநாளில் கதை முடிந்துவிடும். பிறகு போய் முறையிட்டால் "அங்கே என்ன இருந்தது?" என்று கேட்பார்கள், காட்ட நம்மிடம் ஒரு தாள்கூட இருக்காது.

கிண்ணியா, தம்பலகாமம், மூதூர், வெருகல், குச்சவெளி, கொக்கிளாய்ப் பக்கம் களப்பிலும் ஆற்று வாயிலும் தொழில் செய்கிறவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். ஒரு கடற்றொழிலாளர் சங்கமும், போன் வைத்திருக்கும் நாலு இளைஞர்களும், ஒரு தோணியும் இருந்தால் செய்யக்கூடியதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

எதைக் காப்பாற்றப் போகிறோம்

உலகத்தில் பேர்பெற்ற பழைய மீன்பொறிகள் பெரும்பாலும் கல்லால் ஆனவை. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பிரூவாரினா ஊரில், பார்வன் ஆற்றுக்குள் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் நீளத்துக்குக் கல் வளையங்கள் கிடக்கின்றன. அது நெம்பா என்ற ஆதிக்குடிகளின் இடம். சுற்றுவட்டாரத்துக் குலங்களும் அங்கே வந்து கூடும், எந்த வளையம் யாருக்கு என்று முறை இருந்தது. விக்டோரியா மாநிலத்தின் பட்ஜ் பிம்மில் குண்டிட்ஜ்மாரா மக்கள் எரிமலைப் பாறைக்கு நடுவே வாய்க்கால் வெட்டி, அணை அடுக்கி, விலாங்கைத் தேக்கி வைத்துப் பிடித்தார்கள். 6,600 வருஷப் பழமை என்று ஆய்வாளர்கள் கணித்த அந்த இடம் 2019இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. தாய்வானின் பெங்கு தீவுகளில் கரையைச் சுற்றி நூற்றுக்கணக்கான கல் வளையங்கள் இருக்கின்றன. கடல் பெருகும்போது உள்ளே வரும் மீன், வற்றும்போது வெளியேற வழியில்லாமல் நின்றுவிடும்.

அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அதே மாதிரி இங்கே தேடினால் ஏமாந்துபோவீர்கள். இலங்கையைச் சுற்றிக் கடலின் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, பறுவத்திலும் அமாவாசையிலும்கூட முக்கால் மீட்டரைத் தாண்டாது. அவ்வளவு சின்ன இறக்கத்தை நம்பிக் கல் வளையம் கட்ட முடியாது. ஆகவே நம்மவர்கள் களப்பின் ஓட்டத்தையும் மீனின் பழக்கத்தையும் நம்பினார்கள். கரைக்குக் குறுக்கே சிறகு என்ற கம்பு வரிசை ஒன்று, கம்புகளுக்கு இடையே தட்டி அல்லது வலை. கரையோரமாக வரும் மணலை மீனோ ஓரா மீனோ அந்தச் சிறகில் முட்டியதும் ஆழமான பக்கம் திரும்பும், திரும்பும் இடத்தில் மீன் சிக்கும் அறை காத்திருக்கும். வடக்கில் களங்கண்ணி என்பது இந்த வேலைதான். வாய்க்காலில் ஊன்றும் கட்டு வேறு கணக்கு: மாரி வெள்ளத்தில் முகத்துவாரம் உடைத்து நீர் கடலுக்கு ஓடும்போது, களப்பில் வளர்ந்த இறாலும் அதோடு கடலுக்கு இறங்கும், அந்தப் பாதையில் வலையைக் கட்டிவிடுவது. பெயரும் வடிவமும் ஊருக்கு ஊர் மாறும்.

கல் அப்படியே கிடக்கும், கம்பு சில வருஷத்தில் உக்கிவிடும், மரப்புழு அரித்துவிடும். இன்று களப்பில் நிற்கும் கம்புக்கு ஒரு பழமையும் இல்லை, ஆனால் அது ஊன்றப்பட்ட இடம் பூட்டன் காலத்து இடமாக இருக்கலாம். எந்தத் திசையில் சிறகை இழுப்பது, எந்தக் காற்றுக்கு முன் பிடுங்குவது, யாருக்கு அடுத்து யார் என்பதெல்லாம் பரம்பரையாக வந்தவை. அதனால் கம்பைப் படம் எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று திரும்பிவிடாதீர்கள். இடமும் முறையும் அதைத் தெரிந்த ஆளும்தான் இங்கே மரபுரிமை. கரைவலைப் பாட்டுக்கும் (கரைவலை இழுக்கும் இடத்தைப் பாடு என்பார்கள்) இதே கதைதான், அங்கே கம்புகூட இல்லை, வெறும் கரைதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டுக்கு ஒரு பெயரும் எல்லையும் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிமாரின் முறையும் உண்டு. அதையும் இதோடு சேர்த்துப் பதிந்துவிடுங்கள்.

முதல் வேலை பதிவு

சங்கக் கூட்டத்தில் பேசி முடிவெடுத்த பிறகு தொடங்குங்கள், தனியாளாகத் தொடங்கினால் "இவன் யாருக்கு எழுதிக் கொடுக்கிறான்?" என்ற பேச்சு வரும், வராமல் இராது.

பெரியவர்களை வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு உட்காரவைத்துக் கேட்பதைவிட, நடக்க முடிந்தவர் என்றால் தோணியில் ஏற்றிக்கொண்டு போவது நல்லது. இடத்தைக் கண்டதும் வரும் ஞாபகம் முற்றத்தில் வராது. கேள்வியையும் யோசித்துக் கேளுங்கள். "ஐயா, இது எத்தனை வருஷம் பழசு?" என்றால் "அது ஆதியில இருந்தே இருக்கு தம்பி" என்பார், பேச்சு அதோடு நின்றுவிடும். "உங்கட அப்பாவுக்கு முதல் இந்த இடத்தில நின்றது யார்? அவருக்கு இது எப்படி வந்தது? சீதனமா, சங்கம் கொடுத்ததா, சீட்டுப் போட்டா?" என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள். கிண்ணியாவில் ஒரு காக்கா தன் வாப்பா, வாப்பாவின் வாப்பா என்று பெயர் பெயராக அடுக்கினால், அந்தச் சங்கிலியே ஒரு சான்று. நாலு தலைமுறை ஏறினால் ஏறக்குறைய நூறு வருஷம் வந்துவிடும். நூறு வருஷம் ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

நம்முடைய மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. 1990, 2006 இடம்பெயர்வுகள், நடுவில் 2004 டிசம்பர் 26 சுனாமி. சம்பூர்ப் பக்கத்து மக்கள் சொந்த நிலத்துக்குத் திரும்பப் பத்து வருஷம் அளவில் காத்திருந்தார்கள். முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு அப்பப்பாவின் கட்டு எங்கே நின்றது என்று தெரிய வழியில்லை. எனவே இடைவெளியையும் எழுதுங்கள். எப்போது விட்டுப் போனது, எப்போது திரும்பப் போட்டது, திரும்பியபோது இடம் மாறியதா, மாறினால் ஏன். இடைவெளி இருப்பதால் உரிமை அறுந்துபோனது என்று நாளைக்கு யாராவது வாதாடினால், விட்டுப்போனது விரும்பி அல்ல என்பதைக் காட்ட இந்தக் குறிப்புத்தான் உதவும்.

இடத்தைக் குறிக்க போனில் உள்ள ஜி.பி.எஸ். போதும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், சில மீட்டர் தள்ளிக் காட்டும். பெரியவர்கள் இடம் பிடிக்கும் கரைக்குறியையும் எழுதுங்கள். தூரத்து மலையும் கரையில் நிற்கும் பனையும் ஒரு கோட்டில் வருகிறதா, மறுபக்கம் பள்ளியின் மினாராவோ கோயில் கோபுரமோ எதோடு சேர்கிறது, இப்படி இரண்டு கோடு வெட்டும் இடம்தான் கட்டு நிற்கும் இடம். அந்தப் பனை சுனாமியில் போயிருக்கலாம், அதற்குப் பதில் இப்போது எதைப் பிடிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஆழத்தையும் சிறகின் நீளத்தையும் அவர்கள் பாகத்தில்தான் (இரு கையையும் விரித்த நீளம்) சொல்வார்கள், அப்படியே எழுதிவிட்டுப் பக்கத்தில் மீட்டரையும் போடுங்கள். அளக்க ஒரு நைலோன் கயிறு எடுத்து ஒரு மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டால், ஒருவர் சிறகின் நுனியில் பிடிக்க மற்றவர் கம்பு கம்பாக நடந்து எண்ணலாம். கம்புக்கும் கம்புக்கும் இடையிலான தூரம், அறையின் வாய் எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் பார்த்துத் திறக்கிறது, கம்பு எந்த மரம், எவ்வளவு ஆழம் சேற்றுக்குள் இறங்கியிருக்கிறது. படம் எடுக்கும்போது அளவு தெரிய ஏதாவது ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள், ஒரு அடிமட்டமோ துடுப்போ. ஒரே கட்டின் படத்தை வாடைக்காற்றுக் காலத்திலும் சோளகக்காற்றுக் காலத்திலும் எடுங்கள், தண்ணீர் மட்டம் வேறாக இருக்கும், வேலை செய்யும் விதமும் வேறாக இருக்கும்.

பெண்களிடம் கேட்க மறக்காதீர்கள். மட்டி பொறுக்கவும் ஆழம் குறைந்த இடத்தில் இறால் பிடிக்கவும் இறங்குகிறவர்கள், தண்ணீர் தெளிந்த காலத்தில் காலில் தட்டுப்படும் பழைய கட்டையையும் கல்லடுக்கையும் பற்றிச் சொல்வது தோணிக்காரருக்கே தெரியாததாக இருக்கும்.

வானத்திலிருந்து பார்க்க கூகுள் ஏர்த்தின் கணினிப் பதிப்பு போதும், அதில் பழைய வருஷத்துப் படங்களுக்குப் பின்னோக்கிப் போகலாம். ஆழம் குறைந்த களப்பில் சிறகுகள் அம்புமுனைபோலத் தெரியும். ட்ரோன் ஆசை வேண்டாம், இது கடற்படைத் துறைமுக ஊர், அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் ட்ரோனும் போகும், நீங்களும் விசாரணைக்குப் போவீர்கள். பழைய கடல் வரைபடங்களைத் தேடுவது நல்ல வேலை. கப்பலுக்கு இடைஞ்சல் என்பதால் மீன்பிடிக் கம்புகளைக் கடல் வரைபடத்தில் குறிக்கத் தனி அடையாளமே உண்டு. பிரித்தானியர் திருகோணமலைத் துறைமுகத்தை மிகக் கவனமாக அளந்தவர்கள், அந்த வரைபடங்களில் உங்கள் இடத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அந்தக்கால அரசாங்க அதிபர்களின் நிர்வாக அறிக்கைகள் இருக்கின்றன, பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை யாராவது ஊரில் இருந்தால் இந்த வேலையை அவரிடம் கொடுங்கள்.

யாரிடம் கேட்க வேண்டும், எதை வெளியிடக்கூடாது

மூதூர் கிழக்கிலும் வெருகலிலும் கரையோர வேடர் சமூகத்தினர் இருக்கிறார்கள். தமிழ் பேசுகிறவர்கள், காட்டையும் களப்பையும் நம்பி வாழ்ந்தவர்கள். மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911இல் வேடர்களைப் பற்றி எழுதியபோதே கிழக்குக் கரையோர வேடர்களைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களுடைய இடத்தைப் பதியப் போகிறீர்கள் என்றால் அவர்களுடைய தலைவரிடமும் குடும்பங்களிடமும் முதலில் போங்கள், என்ன எழுதப்போகிறோம், யார் வைத்திருப்பார்கள், வேண்டாம் என்றால் எப்படி அழிப்பது என்று சொல்லுங்கள். 2007இல் ஐ.நா. ஏற்ற ஆதிக்குடிகள் உரிமைப் பிரகடனம் இதைத்தான் கேட்கிறது, இலங்கையும் அதற்கு ஆதரவாக வாக்களித்த நாடுதான். சில இடங்களில் சடங்கு இருக்கும், வெளியாள் பெயர் சொல்லக்கூடாத இடம் இருக்கும். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

துல்லியமான இடக்குறிப்பைப் பேஸ்புக்கில் போடாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் போடுவீர்கள், ஆனால் அதைப் பார்ப்பது மரபுரிமை ஆர்வலர் மட்டும் அல்ல. தங்கூசி (நைலோன் இழை) வலைக்காரரும் டைனமைட் போடுகிறவர்களும் பார்ப்பார்கள், மீன் எங்கே திரும்பும் என்று நீங்களே படம் வரைந்து கொடுத்தமாதிரி ஆகிவிடும். முழுப் பதிவைச் சங்கத்தில் ஒன்று, பள்ளிவாசலிலோ கோயிலிலோ பாடசாலையிலோ ஒன்று என்று இரண்டு மூன்று பிரதி வையுங்கள். வெளியே போவதற்கு ஊர்ப்பெயரும் கதையும் படமும் போதும்.

சட்டத்தில் எந்தக் கதவைத் தட்டுவது

பலர் முதலில் தொல்லியல் திணைக்களத்துக்கு எழுதலாம் என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் பழைய கட்டுமானம் என்று எடுத்துக்கொள்வது 1815 மார்ச் 2க்கு முந்தியது என்று நம்பப்படுவதைத்தான். உங்கள் நாலு தலைமுறைச் சங்கிலி அவ்வளவு தூரம் எட்டாது. கல்லடுக்கோ சேற்றில் புதைந்த மிகப் பழைய கட்டைகளோ கிடைத்தால் அது வேறு விஷயம், அப்போது அறிவிக்கத்தான் வேண்டும். காலியில் மத்திய கலாசார நிதியத்தின் கடல்சார் தொல்லியல் அலகு இருக்கிறது, தண்ணீருக்கு அடியில் வேலை செய்யத் தெரிந்தவர்கள் அங்கே உண்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிழக்கில் தொல்லியல் என்ற சொல்லுக்கே சனம் பயப்படும், எல்லைக்கல் வந்தால் காணி போகும் என்ற பயம். 2020இல் கிழக்கு மாகாணத்துக்கென்று தொல்லியல் ஜனாதிபதி செயலணி அமைத்தபோது தொடக்கத்தில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை, அந்தப் பயம் சும்மா வரவில்லை. அதோடு, பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்தால் அதைத் தொடவும் மாற்றவும் அனுமதி கேட்க வேண்டும். வருஷா வருஷம் கம்பு மாற்ற வேண்டிய கட்டுக்கு அது பொருந்தாது. என் கருத்தில், இன்றும் பயன்பாட்டில் உள்ள கட்டுக்குக் கடற்றொழில் சட்டம்தான் சரியான கதவு. கைவிடப்பட்டுச் சேற்றில் கிடப்பதற்குத் தொல்லியல்.

கடற்றொழில் பக்கம் நமக்கு முன்னுதாரணமே இருக்கிறது. நீர்கொழும்புக் களப்பில் கட்டுவலை போடும் இடங்கள் பழைய நாலு மீனவர் சங்கங்களின் உறுப்பினருக்கு மட்டும் உரியவை, யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். அந்த வழக்கத்தை அரசாங்கம் 1958இல் ஒழுங்குவிதியாகவே எழுதிவிட்டது. மரபாக வந்த முறை சட்டமான இடம் அது. நாமும் கேட்கலாம்: 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டத்தில் ஒரு களப்பை முகாமைத்துவப் பகுதியாக வர்த்தமானியில் அறிவிக்கவும், அங்கே தொழிலாளரின் குழுவை அமைக்கவும் இடம் இருக்கிறது. உங்கள் பதிவையும் சங்கத் தீர்மானத்தையும் இணைத்து மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்தில் கொடுங்கள், பிரதேச செயலாளருக்கும் ஒரு பிரதி. தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. ஒப்படைத்த பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள், இது எல்லா அலுவலகத்துக்கும் பொருந்தும்.

நூறு வருஷக் கணக்குக்கு வருகிறேன். யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கை, குறைந்தது நூறு வருஷம் நீருக்கு அடியில், தொடர்ந்தோ இடையிடையேயோ, முழுதாகவோ பாதியாகவோ கிடந்த மனிதத் தடயத்தை நீரடி மரபுரிமை என்கிறது. இருந்த இடத்திலேயே வைத்துக் காப்பதுதான் அதன் முதல் தெரிவு. உள்ளூர் அலுவலகத்தில் இதைக் காட்டி வழக்காட முடியாது, ஆனால் அறிக்கையில் இந்த வரையறைக்குள் வருகிறது என்று ஒரு வரி இருந்தால் வாசிப்பவர் பார்வை மாறும்.

திட்டம் வருகிறது என்று காதில் விழுந்தால்

களப்பை ஆழமாக்கப்போகிறார்கள், இறால் பண்ணை, இறங்குதுறை, ஹோட்டல் என்று பேச்சு அடிபட்டவுடனே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். திட்ட வரைபடம், அனுமதிகள், சுற்றாடல் அறிக்கை, மூன்றையும் கேளுங்கள். 14 வேலைநாளுக்குள் தருகிறோமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். பெரிய திட்டம் என்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு, அறிவித்தல் பத்திரிகையில் ஒரு மூலையில் வந்துவிட்டுப் போகும், கவனித்தால்தான் உண்டு. கரையோர வலயத்துக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். அங்கேயும் உங்கள் பதிவின் பிரதி முன்கூட்டியே போயிருந்தால் நல்லது, பெக்கோ வந்தபிறகு கொடுக்கும் கடிதத்துக்கு மதிப்புக் குறைவு.

தண்ணீரை மறந்துவிட்டுக் கட்டுகளை மட்டும் காக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். பிரூவாரினாவில் பின்னாளில் ஆற்றுக்குக் குறுக்கே அணை போட்டபோது கல் பொறியின் ஒரு பகுதியே சேதமானது. பட்ஜ் பிம்மில் வெள்ளையர் சதுப்பு நிலத்தை வடித்துவிட்டதால் வாய்க்கால்கள் பல காலம் வறண்டு கிடந்தன. 2010இல் கொண்டா ஏரிக்குத் திரும்பத் தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் பழைய அமைப்பில் உயிர் வந்தது, இப்போது காவல் பார்ப்பதும் வருகிறவர்களுக்குக் காட்டுவதும் குண்டிட்ஜ்மாரா மக்களே. இங்கேயும் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது, வயல் நீரை எந்தப் பக்கம் விடுவது என்ற கூட்டத்தில் விவசாயிகளோடு கடற்றொழிலாளர் சங்கமும் உட்கார வேண்டும். மேலே போடும் ஒரு மதகு கீழே பத்துக் கட்டுகளை வெறுமையாக்கும்.

கையால் செய்யும் வேலைகள்

சேற்றில் பழைய கட்டை தலை காட்டினால் பிடுங்கிப் பார்க்காதீர்கள். காற்றுப் படாத சேறுதான் அதை இவ்வளவு காலம் வைத்திருந்தது, வெளியே எடுத்து வெயிலில் போட்டால் காய்ந்து வெடித்துவிடும். கனடாவின் மேற்குக் கரையில், கோமோக்ஸ் துறைமுகத்தில், ஆதிக்குடிகள் ஊன்றிய ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கம்புகளின் அடிப்பகுதி ஆயிரம் வருஷத்துக்கு மேல் தப்பியது சேற்றுக்குள் இருந்ததால்தான். படம் எடுத்து, அளந்து, அதே சேற்றை மேலே அள்ளிப் போட்டு மூடிவிடுங்கள். யாராவது ஏற்கெனவே பிடுங்கிவிட்டார் என்றால் களப்பு நீரிலேயே ஒரு வாளியில் ஊறப்போட்டு வைத்துவிட்டு அறிவியுங்கள்.

கல்லடுக்கு குலைந்து கிடந்தால் அடுக்கிவிடலாம் என்று கை துடிக்கும். பழைய கல் எது, அலை கொண்டுவந்து போட்ட கல் எது என்று தெரியாமல் அடுக்கினால் ஆய்வாளருக்கும் பிறகு தெரியாது, ஆகவே படம் எடுக்கும்வரை ஒரு கல்லையும் நகர்த்த வேண்டாம். வீட்டு அத்திவாரத்துக்கு யாரும் அள்ளாமல் பார்த்துக்கொண்டாலே பெரிய காரியம்.

பயன்பாட்டில் உள்ள கட்டுக்குக் கம்புதான் பெரிய தலையிடி. அந்தக் காலத்தில் கண்டல் வெட்டி ஊன்றினார்கள், இன்று அனுமதி இல்லாமல் கண்டலில் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது, இறால் குஞ்சு வளர்வது அந்த வேருக்குள்தான். வேறு மரமோ மூங்கிலோ போட்டால் அந்த மாற்றத்தையும் எந்த வருஷம் என்று பதிவில் சேருங்கள். வலைக் கண்ணைச் சின்னதாக்காதீர்கள். பழைய தட்டியில் குஞ்சு நழுவிப்போக இடைவெளி இருந்தது, இன்றைய நுளம்புவலை மாதிரித் துணியைக் கட்டிவிட்டு இது எங்கள் பாரம்பரியம் என்று கேட்டால் அதிகாரி சிரிப்பார், அவர் சிரிப்பதிலும் நியாயம் உண்டு. தோணி போகும் பாதையை விட்டு ஊன்றுங்கள், இரவில் தெரியும்படி நுனிக் கம்பில் வெள்ளைத் துணியோ ஒளிரும் பட்டியோ கட்டுங்கள், விபத்து நடந்தால் முதலில் பிடுங்கச் சொல்வது உங்கள் கட்டைத்தான்.

மாரி முடிந்து முகத்துவாரம் அடங்கியதும் வருஷத்தில் ஒருமுறை சங்கம் சுற்றிப் பார்த்து, எது நிற்கிறது, எது போனது, எங்கே மண் ஏறியது என்று அதே கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் இரண்டு பேரையாவது தோணியில் ஏற்றிக்கொள்ளுங்கள், கயிறு பிடிக்கவும் ஆள் வேண்டும். பிரதியைப் பிரதேச செயலகத்துக்கு அனுப்பும் பொறுப்பைச் சங்கச் செயலாளரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள், செயலாளர் மாறினாலும் வேலை மாறாது.